ரோட்டில் ஓடாத பஸ்ஸும் இரண்டு கட்சிக்காரர்களும்

ஜூனியர் வக்கீல்கள் வீட்டுக்கு வந்தால் காபி முடிவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். உங்கள் சர்வீஸில் உங்களை அதிகம் வியர்க்க வைத்த கேஸ் எது? ஏதாவது கொலை கேஸ் சொல்வேன் என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுவார்கள். பஸ் கேஸ் என்பேன். விபத்தா என்பார்கள். அந்த பஸ் ரோட்டில் ஓடியதே இல்லை என்பேன். அதற்குமேல் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால், மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் ஒன்று. சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இந்தக் கதையை அனுமதி இல்லாமல் எழுதினால் என்னைப் போல முட்டாள் யாரும் இருக்க முடியாது. ஏன் என்பது போகப்போகப் புரியும்.

எனக்கு வீடு ராஜபாளையம், கோர்ட் ஸ்ரீவில்லிபுத்தூர். முழங்கால் என்னைக் கோர்ட் படியேற விடாமல் செய்யும் வரைக்கும் தினமும் பஸ்தான். செட்டியார்பட்டியில் புறப்பட்டு ராஜபாளையம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் தனியார் பஸ் ஒன்று. அதன் டிரைவர் கருப்பசாமி. கட்டுக்கட்டாகக் கேஸ் கட்டுகளோடு நான் தூரத்தில் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்தால், கண்டக்டர் விசிலடித்தும் வண்டியை எடுக்கமாட்டார். செத்த நேரம் எதையோ துடைப்பது போல் பாவனை செய்வார். அந்த பஸ்ஸின் முதலாளி என்னுடைய பழைய கட்சிக்காரர். நிலத் தகராறு, பெர்மிட் தகராறு, மூத்த மகள் கல்யாணத்தில் பந்தல்காரரோடு வந்த தகராறு என்று எல்லாவற்றுக்கும் அவர் என் படிதான் ஏறுவார்.

ஒரு நாள் அந்த முதலாளி செல்போனை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தார். கோபம் வந்தால் அவருக்கு வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். அன்றைக்கு முதல் ஐந்து நிமிடம் தெலுங்குதான். போனில் ஒரு வீடியோ. அவருடைய பஸ், அவர் கம்பெனிப் பெயர் நெற்றியில் பளிச்சென்று தெரிய, கண்மாய்க்குள் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. பின்னணியில் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பதறிப்போய் யாருக்காவது அடியா என்று கேட்டேன். அது விளையாட்டு என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். எனக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கோ வெளிநாட்டில் ஒரு கம்பெனி பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றை விற்கிறது. அதை நம் பிள்ளைகள் எடுத்து, அதற்குள் தங்கள் ஊர் ரோட்டையும் தங்கள் ஊர் பஸ்ஸையும் தாங்களே செய்து செருகிவிடுகிறார்கள். அதற்கு மோட் என்று பெயர். யாரும் காசுக்காகச் செய்வதில்லை, ஆசைக்குச் செய்கிறார்கள். அப்படி யாரோ செய்த மோட் ஒன்றில் முதலாளியின் பஸ் மாட்டிக்கொண்டது. அதை இணையத்திலிருந்து இறக்கி விளையாடும் பிள்ளைகள் ஒழுங்காக ஓட்டுவார்களா? கவிழ்க்கிறார்கள், வீடியோ எடுக்கிறார்கள், அது ஊரெல்லாம் சுற்றுகிறது. முதலாளியின் சம்பந்தி வீட்டிலிருந்து விபத்தா என்று விசாரித்துப் போன் வந்ததாம். அவர் தவிப்பில் நியாயம் இருந்தது.

"ஹாரனைக் கேளுங்க வக்கீலம்மா," என்றார். "என் வண்டி ஹாரன். என் ஷெட்டுக்குள்ள வந்து பிடிச்சிருக்கான். உள்ள இருக்கிற எவனோ உடந்தை. யாருன்னு மட்டும் தெரியட்டும், அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன்."

செய்தவன் யார் என்று தெரியாமல் யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது? முதலில் ஆளைக் கண்டுபிடியுங்கள், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஹாரன் எனக்கும் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. அவர் பஸ்ஸில்தானே தினமும் போகிறோம் என்று விட்டுவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து, மத்தியானம் ஓய்வு நேரத்தில், டிரைவர் கருப்பசாமி காக்கி உடுப்போடு என் அலுவலகத்துக்கு வந்தார். கூடவே அவர் மகள் கோமதி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு ராஜபாளையத்தில் ஒரு மில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். தான் செய்த ஒன்றை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன் ஒருவன் திருடித் தன் பெயரில் போட்டுக்கொண்டான், அவன்மேல் கேஸ் போட வேண்டும் என்றாள். எதிர்த்தரப்பு யார் என்று கேட்டேன். பெயரைச் சொன்னாள். நான் கேள்விப்படாத பெயர். என்னைத் தடுக்க எதுவும் இல்லை. சொல்லு தாயி என்றேன்.

கோயம்புத்தூரில் விளையாட்டுத் தயாரிக்கும் ஒரு கம்பெனி, அவள் செய்ததைப் பார்த்து வேலைக்கு அழைத்திருக்கிறது. இன்டர்வியூவுக்கு நாள் குறித்த பிறகு, அதே சாமான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன் பெயரில் இருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். உண்மையில் யாருடையது என்று நிரூபித்துவிட்டு வா, இல்லையென்றால் வர வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். மூன்று வருஷமாக மில் வேலை முடிந்து வந்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்தது. இன்டர்வியூ அடுத்த வாரம். அதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. கருப்பசாமி முகத்தைத் திருப்பிச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

பிறகு லேப்டாப்பைத் திறந்து ரோட்டைக் காட்டினாள். என்ன அழகு! மேற்கே மலை, அதன் மேல் மேகம். ராஜபாளையத்து நாய் ஒன்று பஸ்ஸைத் துரத்திக்கொண்டு வந்து பாதியில் அலுத்துத் திரும்பியது. பால்கோவாக் கடைகள், தூரத்தில் கோபுரம். வேடிக்கை பார்க்கும் குழந்தை மாதிரி நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே சினிமாப் பாட்டு வேறு ஓடியது.

"அவன் எடுத்ததுல எனக்குப் பெரிய கோவம் இல்ல மேடம்," என்றாள் கோமதி. "எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும். கிரெடிட் போடணும்லா? நான் எல்லாருக்கும் போட்டிருக்கேன்."

கடைசித் திரையைக் காட்டினாள். விளையாட்டுக் கம்பெனிக்கு நன்றி. பாட்டுப் போட்டவர்களுக்கு நன்றி. பஸ் உரிமையாளருக்கு நன்றி. மோட் செய்யும் பிள்ளைகள் உலகத்தில் இதுதான் சட்டம் என்று அப்போது தெரிந்துகொண்டேன். யாருடையதை வேண்டுமானாலும் எடுக்கலாம், கிரெடிட் என்று பெயரைப் போட்டுவிட்டால் பாவம் கழிந்தது. போடாதவன்தான் திருடன். பக்கத்து வீட்டு ஆட்டை அறுத்துக் குழம்பு வைத்துவிட்டு, பந்தி வாசலில் ஆட்டுக்காரருக்கு நன்றி என்று போர்டு மாட்டினால் ஆட்டுக்காரர் சும்மா இருப்பாரா? நான் சிரிக்க வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, திரையில் பஸ் முன்பக்கமாகத் திரும்பியது.

நெற்றியில் முதலாளியின் கம்பெனிப் பெயர்.

முதலாளி தேடும் ஆள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே இருந்த உடந்தை அவள் பக்கத்தில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தன் முதலாளி இந்த பஸ்ஸைச் செய்த ஆளைத் தேடிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. இவர்கள் சொல்கிறபடி நாளைக்கே கேஸ் போட்டால் ஊருக்கே தெரியும், முதலாளிக்கு முதலில் தெரியும். பெண்ணுக்குப் புது வேலை கிடைப்பது இருக்கட்டும், அப்பனுக்கு இருக்கிற வேலையும் போகும்.

தம்பிகளா, தங்கைகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இவர்களை எச்சரித்தால் முதலாளி என்னை நம்பிச் சொன்னதை விற்றவள் ஆவேன். முதலாளிக்குச் சொன்னால் இவர்களை விற்றவள் ஆவேன். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டால்தான் ரகசியம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆலோசனை கேட்க உட்கார்ந்து வாயைத் திறந்தாலே அது ரகசியம்தான். ஒன்றும் தெரியாதவள் போலக் கேஸை எடுத்துக்கொண்டால், ஒரே பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே சீட்டைக் கொடுத்த கண்டக்டர் ஆவேன். என் சீனியர் சொல்வார், மனுஷனுக்குக் காது இரண்டு, வாய் ஒன்று, வக்கீலுக்கு அந்த ஒன்றிலும் பாதிதான் என்று. அன்று அந்தப் பாதியும் எனக்கு அதிகமாக இருந்தது.

கையை நீட்டி லேப்டாப்பை நானே மூடினேன். இதற்கு மேல் எதுவும் சொல்லாதே, இந்தக் கேஸை நான் எடுக்க முடியாது, காரணம் கேட்காதே என்றேன். அடுத்து ஒன்று சொல்லலாமா கூடாதா என்று மனதுக்குள் ஒரு விசாரணை நடத்திவிட்டுச் சொன்னேன். வேறு வக்கீலைப் பார்க்கும் வரைக்கும் போலீசுக்கோ வேறு யாருக்குமோ புகார் கொடுத்துவிடாதே, இதில் அடுத்தவர்கள் சாமான் நிறைய இருக்கிறது என்றேன். அந்தத் திரையைப் பார்த்த எந்த வக்கீலும் அதைச் சொல்லியிருப்பார். முதலாளி சொன்னதிலிருந்து நான் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை.

கருப்பசாமி எழுந்து நின்றார். "அம்புட்டுத்தானா வக்கீலம்மா? தினமும் பாக்குற மூஞ்சி, நமக்குன்னா செய்வீகன்னு நம்பி வந்தோம்."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் முடியவில்லை. அன்றைக்குப் பட்ட வருத்தம் பல தோற்ற கேஸ்களில்கூடப் பட்டதில்லை. அதே தெருவில் இருந்த இன்னொரு வக்கீலிடம் போகச் சொன்னேன். அவருக்கும் எனக்கும் ஒரு பாகப்பிரிவினை கேஸில் முட்டிக்கொண்டு, பல வருஷமாக வணக்கம்கூடக் கிடையாது. எதிரில் வந்தால் ஆளுக்கொரு பக்கம் போஸ்டர் படிப்போம். ஆனால் கட்சிக்காரரை விற்காத ஆள், கேள்வி கேட்பதில் கெட்டிக்காரர். பிடிக்காத ஆளின் திறமையைத் தெரிந்து வைத்திருங்கள், எப்போதாவது அவரிடம்தான் ஆளை அனுப்ப வேண்டிவரும்.

அன்றே முதலாளிக்கும் போன் செய்து, அந்த பஸ் விஷயத்தில் என்னால் ஆஜராக முடியாது என்றேன். என்னவோ நான் அவர் சொத்தை எழுதிக் கேட்டது போல அதிர்ந்துபோனார். எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லவில்லை. ஆக, ஒரே நாளில் இரண்டு பக்கமும் எனக்குப் பகை. மறுநாள் காலையில் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடினேன். கருப்பசாமி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். எதையும் துடைக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் முழுக்க அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன், இரண்டு நாள் ஜட்ஜிடம் பேச்சும் வாங்கினேன்.

இதோடு முடிந்ததா? முதலாளி கோபத்தில் நேராக யாரிடம் போனார் தெரியுமா? அதே வக்கீலிடம்! அதற்குள் கோமதி அவரிடம் வக்காலத்துக் கொடுத்துவிட்டாள். அவரும் முடியாது என்று கையை விரித்திருக்கிறார். முதலாளி லேசுப்பட்டவரா, ஒற்றை வண்டியில் தொடங்கி ஒரு ஷெட்டு நிறைய வண்டி சேர்த்தவர். அன்று சாயங்காலமே எனக்குப் போன் வந்தது.

"நீங்களும் முடியாதுங்கீக, அவரும் முடியாதுங்காரு. நீங்க ரெண்டு பேரும் ஒரே பேச்சு பேசி நான் பாத்ததே இல்ல. அப்போ அந்த ஆளு உங்க ரெண்டு பேர் படியும் ஏறியிருக்கான். உள்ளூர்க்காரன்தான், என்ன?"

இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் துரோகம். சும்மா இருந்தால் அதுவே ஆமாம். வாயை மூடிக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்று சட்டப் புத்தகங்கள் சொல்கின்றன. மூடின வாயையும் படிக்கத் தெரிந்த கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. யார் என் படி ஏறினார்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, உங்கள் விஷயத்தையும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆளை நெருங்கிவிட்டார், இன்னும் இரண்டு நாளில் ஷெட்டில் ஒவ்வொருவராக விசாரிப்பார், கருப்பசாமி தானாக மாட்டுவார் என்று தெரிந்தது. தெரிந்தும் நான் ஒரு விரலை அசைக்க முடியாது.

அடுத்து நடந்ததை, பிற்பாடு கோமதியும் முதலாளியும் தனித்தனியாக வந்து சொன்னதிலிருந்து சேர்த்துச் சொல்கிறேன்.

அந்த வக்கீல் கோமதியிடம் இரண்டே கேள்வி கேட்டிருக்கிறார். இதில் உன்னுடையது எது? மலை, மரம், நாய், ரோடு, கடைகள், மழை எல்லாம் என்னுடையது என்றாளாம். உன்னுடையது இல்லாதது எது? அடியில் இருக்கும் விளையாட்டே வெளிநாட்டுக் கம்பெனியுடையது. அவர்கள் கோப்புகளைப் பிரித்து எடுக்கக்கூடாது என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள், அதைப் படிக்காமல் சம்மதம் என்று அழுத்தியிருக்கிறாள். அதை நம்மில் யார்தான் படித்திருக்கிறோம்? பாட்டு, பாட்டுக் கம்பெனியுடையது. பஸ்ஸின் பெயரும் பெயிண்டும் முதலாளியுடையது. நீ ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையனைக் கூண்டில் ஏற்றினால், அடுத்த கூண்டில் நீ நிற்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். பாட்டை எடு, இணையத்தில் எல்லோரும் இறக்கிக்கொள்ள விட்டிருப்பதை நிறுத்து. அப்புறம், வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நீயே போய் பஸ் முதலாளியைப் பார்.

அப்போதுதான் கருப்பசாமிக்கு உறைத்திருக்கிறது. மகள் தன் வண்டியைப் படமாகச் செய்தது அவருக்குப் பெருமையாக மட்டும்தான் இருந்தது. அது தன் வண்டி இல்லை, முதலாளியின் வண்டி என்பது அவர் நினைவுக்கே வரவில்லை. இத்தனை வருஷம் ஒரே வண்டியை ஓட்டியவருக்கு அது தோன்றாததில் ஆச்சரியம் இல்லை.

கோமதி தன் கையாலேயே மூன்று வருஷ உழைப்பை இணையத்திலிருந்து எடுத்தாள். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லையாம். மறுநாள் இருவரும் ஷெட்டுக்குப் போனார்கள். வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்த நேரம், தரையெல்லாம் தண்ணீர். கோமதி மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவுக்குச் சோறு கொண்டுவரும் சாக்கில் வந்து வண்டியை அளந்ததையும், ஹாரனைப் போனில் பதிந்ததையும் சொன்னாள். முதலாளி கத்தாமல் போய்த் தண்ணீர்க் குழாயை அடைத்தார். அதுதான் பயமாக இருந்தது என்றாள் கோமதி.

கருப்பசாமி முன்னால் வந்து நின்றார். "நாளையிலேருந்து வேலைக்கு வரல முதலாளி. பிள்ள மேல மட்டும் கேஸ் போட்டுராதீக."

முதலாளி அவரைப் பார்க்காமல், அந்தப் பெட்டியைக் கொண்டா என்று லேப்டாப்பைக் கேட்டார். முதலாளி ஆவதற்கு முன்னால் அவரே அந்த ரூட்டில் டிரைவராக இருந்தவர். பேனட் மேல் லேப்டாப்பை வைத்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்டுக்கொண்டு, செட்டியார்பட்டியிலிருந்து ஓட்ட ஆரம்பித்தார். கழுவிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் சுற்றி நின்றுவிட்டார்கள். நாய் துரத்தியபோது ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கண்மாய்க்கரைத் திருப்பம் வந்தது. பஸ் தானாகக் கொஞ்சம் நிதானித்து, இரண்டு தடவை குட்டையாக, ஒரு தடவை நீளமாக ஹாரன் அடித்தது. முதலாளி கையை எடுத்துவிட்டார்.

"இது என் வண்டி ஹாரன்னுல்ல நான் வக்கீலம்மாகிட்ட கத்திக்கிட்டு இருந்தேன்," என்றார். "இது நீ அடிக்கிற அடில்லா கருப்பசாமி."

பிறகு கடைசித் திரையில் இருந்த நன்றிப் பட்டியலை மேலிருந்து கீழ்வரைக்கும் படித்துவிட்டு கோமதியைப் பார்த்தார்.

"ஊரு உலகத்துக்கெல்லாம் நன்றி போட்டிருக்க. இந்தத் திருப்பத்தை எடுக்கிறவன் பேரு எங்க தாயி?"

கோமதியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தன் பெயரைப் போடவில்லை என்று இரண்டு வக்கீல் படி ஏறினவள். பஸ் வளைவில் எப்படி நிதானிக்க வேண்டும், ஏறும் ஆளுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எந்த இடத்தில் எப்படி ஹாரன் அடிக்க வேண்டும் என்பது எல்லாம் அப்பாவைப் பின்னால் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்தது. அவர் பெயரைப் போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இதைச் சொல்லும்போது என் முன்னாலும் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, அதை மறைப்பானேன்.

அங்கேயே முதலாளி கோயம்புத்தூர்க் கம்பெனிக்குப் போன் போட்டார். என் ஷெட்டில் வந்து உட்கார்ந்து ஹாரன் பிடித்த பிள்ளை இதுதான், பாட்டுக் கேட்கிறது என்று நினைத்து நானே கடந்து போயிருக்கிறேன், அந்த இன்னொரு பையன் என் ஷெட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை என்று அடித்துச் சொன்னார். யாருக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று நான் வியர்த்தேனோ, அவரை விட்டால் அவளுக்குச் சாட்சி இல்லை. பஸ் பெயரைப் பயன்படுத்த முறையாக அனுமதியும் எழுதிக் கொடுத்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. கம்ப்யூட்டரில்கூட அவர் வண்டி கண்மாயில் கவிழக்கூடாது.

இன்டர்வியூவில் அவள் வேலையைச் செய்து காட்டினாள், வேலை கிடைத்தது. பழைய மோட் மறுபடி வெளியே வரவில்லை. வெளிநாட்டுக் கம்பெனியின் சாமான் அதில் அடிவரைக்கும் கலந்திருந்தது, பஸ் முதலாளியின் அனுமதி அதைச் சுத்தமாக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையனும் தன்னுடையதை எடுத்துவிட்டு, ஒரு பெட்டி பால்கோவாவோடு செட்டியார்பட்டிக்கு வந்து, கிரெடிட் போட மறந்துவிட்டேன் அக்கா என்றானாம். பிறகு இரண்டு பேருக்கும் கல்யாணமா என்று கேட்காதீர்கள். இல்லை. எல்லாக் கதையிலும் உங்களுக்கு அது வேண்டும்.

முதலாளி என்னிடம் திரும்பி வந்தார். இனிமேல் ஒரு கேஸை எடுக்க முடியாது என்றால் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டேன் என்றார். அந்த வக்கீலும் நானும் இப்போது வணக்கம் சொல்லிக்கொள்கிறோம். அதற்கு மேல் இல்லை.

ஜூனியர்களே, இந்த மாதிரிக் கேஸ்கள் இனி உங்களிடம்தான் அதிகம் வரும். மோட் செய்கிற பிள்ளைகள் குற்றவாளிகளைப் போல வரமாட்டார்கள், பறிகொடுத்தவர்களைப் போலக் கோபமாகத்தான் வருவார்கள். கேஸ் கட்டைத் திறப்பதற்கு முன்னால், இதில் உன்னுடையது எது என்று கேளுங்கள். முடியாது என்று சொல்ல வேண்டி வந்தால் சீக்கிரம் சொல்லுங்கள், முழுக்கதையையும் ரசித்துக் கேட்டுவிட்டுச் சொல்லாதீர்கள். நான் அந்த நாய் ஓடுவதை ரசிக்காமல் முதலிலேயே பஸ்ஸின் நெற்றியைப் பார்த்திருந்தால், கருப்பசாமி மனம் அவ்வளவு நோகாமல் அனுப்பியிருக்கலாம்.

போன மாதம் முழங்கால் டாக்டரைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் நான் தாங்கித் தாங்கி நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, ஒரு பஸ் புறப்படாமல் நின்றது. டிரைவர் கருப்பசாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன் சீட்டில் என்னை உட்கார வைத்துவிட்டு, போனை எடுத்துக் காட்டினார். கோமதி சேர்ந்த கம்பெனி முதலிலிருந்து சொந்தமாகச் செய்த விளையாட்டு. மலை இருக்கிறது, நாய் இருக்கிறது. தொடக்கத்திலேயே, எல்லாப் பெயருக்கும் முன்னால், ஓட்டும் முறை: கருப்பசாமி, ஓட்டுநர் என்று வருகிறது. அதை எனக்கு இரண்டு முறை போட்டுக் காட்டினார்.

"ஏம்மா," என்றார், முகத்தை ரொம்பக் கறாராக வைத்துக்கொண்டு. "என் பேரைப் போட்டிருக்கா, என் ஓட்டைப் போட்டிருக்கா, எங்கிட்ட யாரும் பெர்மிஷன் கேக்கலியே. கேஸ் போடலாமா?"

"அந்தக் கேஸையும் என்னால எடுக்க முடியாது கருப்பசாமி," என்றேன். "ரெண்டு பக்கமும் எனக்கு வேண்டியவிய."

அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். கண்மாய்க்கரைத் திருப்பத்தில் இரண்டு குட்டை, ஒரு நீளம்.